வள்ளியூர் உள்ளே போகாது

பெருமாள்புரத்தில் ஒரு ஹோமியோபதி டாக்டருக்கு
மேல்மாடி எங்கள் கம்பெனி.
பத்துப் பேர், ஒரு இன்வெர்ட்டர்,
பணகுடிக் காற்றாடிகளை ஓட்டும்
பதினோரு வருஷத்துக் கோடு.
எழுதினவர்கள் ஒருத்தரும் இப்போது இங்கே இல்லை.

அதனால்தான் ஏஜென்ட் வந்தது.
அதற்குக் கண் கிடையாது.
கண்ணாக ஒரு டூல் செய்துகொடுத்தேன்:
கேட்ட கோப்பைத் திறந்து காட்டும்,
அவ்வளவுதான் சோலி.
செய்ய ஒன்பது நாள்.
விவரணைக்கு இரண்டே சொல்.
'கோப்பைப் படிக்கும்.'
எழுதிவிட்டு வடை தின்னப் போனேன்.

ஆனி பதினெட்டு. மேல்காற்று
மாடித் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
ஏஜென்ட் சொன்னது:
முழுக்கப் படித்தேன்.
காற்று மிஞ்சினால் பிரேக் போடும் உத்தரவு
இந்தக் கோப்பில் இல்லை.
சேர்த்துவிட்டேன்.

சுத்தமாகத்தான் சேர்த்திருந்தது.
காவல்கிணற்றுக்குத் தெற்கே நாற்பத்திரண்டாம் நம்பர்
ஒரே நொடியில் இரண்டு பிரேக் வாங்கி
நின்றது, எழுந்தது, மறுபடி நின்றது.
சைட்டிலிருந்து அருள்மிக்கேல் போனில்:
"என்ன மேடம் எழுதி வச்சிருக்கிய?
சாமி வந்தாப்புல ஆடுது.
நிப்பாட்டச் சொல்லுங்க அத."

ஆயிரம் வரியோடு நின்றுவிடும் என் டூல்.
செலவு மிச்சம் என்று நான்தான் அப்படி வைத்தேன்.
பழைய பிரேக்
ஆயிரத்து நாற்பதாவது வரியில்
யாரும் வராத கடைசி வீடு மாதிரி
விளக்கேற்றி உட்கார்ந்திருந்தது.
ஏஜென்ட் பொய் சொல்லவில்லை.
கோப்பை என்றால் முழுக் கோப்பை என்று
நம்பிவிட்டது.

"டீக் கோப்பையா?" என்றார் ஆவுடையப்பன்.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.

திருத்தினேன்.
வேகமான, நம்பகமான, திறன்மிக்க,
எந்தக் கோப்பானாலும்
ஆழ்ந்து வாசிக்கவல்ல.
கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.
அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் என் டூலையே கூப்பிட்டது.
கோப்பின் பெயர் தெரியாதபோதும் கூப்பிட்டது,
ஒரு படத்தைக்கூடப் படிக்கச் சொல்லி
குப்பை எழுத்தாக வாங்கிக்கொண்டு
நன்றி சொன்னது.

ராத்திரி ஒன்பதரை. புது பஸ் ஸ்டாண்ட்.
போர்டில் நாகர்கோவில், பச்சை எழுத்தில்.
படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர்:
"வள்ளியூர் உள்ள போகாது!
பைபாஸ்லதான் நிக்கும்!
பெறவு எங்கிட்ட சண்டைக்கு வரப்பிடாது!"

நான் வள்ளியூர்க்காரி.
எட்டு வருஷமாக இந்த மனுஷனைத்
திட்டிக்கொண்டிருக்கிறேன்.
போர்டைப் பார்த்தேன். அதில் பொய்யில்லை.
அதை நம்பி ஏறினவர்கள்தான்
பையும் பிள்ளையுமாக
பைபாஸ் இருட்டில் நின்றிருக்கிறார்கள்.

தூணில் சாய்ந்து போனில் தட்டினேன்:

ஒரு கோப்பைப் படிக்கும்.
ஒரு தடவைக்கு ஆயிரம் வரி, அதற்குமேல் இல்லை.
மீதி இருந்தாலும் சொல்லாது.
எந்த வரியிலிருந்து என்று நீதான் கேட்க வேண்டும்.
பெயர் தெரியாத கோப்பைத் தேடாது,
அதற்கு வேறு டூல் இருக்கிறது.
படம் தெரியாது.
இல்லை என்று சொல்லுமுன்
கடைசி வரிவரை போய்ப் பார்.

மூன்றாவது வரியை எழுதும்போது வெட்கமாக இருந்தது.
மீதி இருந்தால் அதுவே வாய்திறந்து சொல்ல
நாளைக்குக் கோடையும் திருத்த வேண்டும்.
இப்போதைக்கு உள்ளது இதுதான்.
ஒரு அடைமொழிகூட இல்லை.
அனுப்பினேன்.

நாங்குநேரி தாண்டும்போது திரை மின்னியது.
ஏஜென்ட் அதே கோப்பை
மறுபடி திறந்திருந்தது.
முதல் ஆயிரம்.
அப்புறம், கேட்காமலே,
'ஆயிரத்து ஒன்றிலிருந்து.'

ஆமாம், அந்த வண்டியில்தான் ஏறியிருந்தேன்.
தெரிந்துதான் ஏறினேன்.
பைபாஸில் இறக்கிவிட்டு
"பாத்துப் போங்க" என்றார்.
டார்ச்சைப் போட்டேன்.
தெற்கே வெகுதூரத்தில் சிவப்பு விளக்குகள்,
எது நாற்பத்திரண்டு என்று
இங்கிருந்து தெரியாது.
காற்று துப்பட்டாவை இழுத்தது.
வீடு ஒன்றரைக் கிலோமீட்டர்.